வன்னி வீட்டுக்கு எந்த அலாரம்? கம்பித் தொகுதி, கம்பியில்லாத் தொகுதி, கமெரா: ஓர் ஒப்பீட்டு அலசல்

திருட்டையும் தீயையும் ஒருங்கே கவனிக்கும் அலாரத் தொகுதிகள் இன்று வன்னியிலும் வாங்கக் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பணம் அனுப்புபவர் பல குடும்பங்களில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருக்கிறார். இரவில் படலையைப் பூட்டி, விளக்கை அணைத்து, அலாரத்தைக் காவலுக்கு வைக்க வேண்டியவரோ பரந்தனிலோ ஒட்டுசுட்டானிலோ தனித்திருக்கும் தாயார், அல்லது வளவைப் பார்த்துக்கொள்ளும் உறவினர். விளம்பரங்கள் முதலாமவரை நோக்கியே எழுதப்படுகின்றன. இரண்டாமவரின் கைக்கு எது வசப்படும், மின்சாரம் நின்ற பின்னரும் எது விழித்திருக்கும் என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இங்கு மூன்று தெரிவுகள் ஒப்பிடப்படுகின்றன: சுவரோடு கம்பி இழுத்துப் பொருத்தும் தொகுதி, சிம் அட்டையுடன் இயங்கும் கம்பியில்லாத் தொகுதி, கைத்தொலைபேசியில் பார்க்கும் கமெரா.

முதல் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. கதவில் ஒரு காந்தத் துண்டும் அதற்கு எதிரே நிலையில் ஒரு சிறு ஆளியும் இருக்கும்; கதவு திறந்து காந்தம் விலகியதும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செய்தி போகும். அறை மூலையில் இருக்கும் அசைவு உணரி, மனித உடலின் வெப்பம் அறையின் பின்புலத்தைக் கடந்து செல்வதைக் கண்டு தூண்டப்படும். பெட்டி சைரனை ஒலிக்கச் செய்யும். சிம் இருந்தால் பதிந்து வைத்த இலக்கங்களுக்கு அழைப்பும் எடுக்கும்.

கடைக்காரர் முதலில் காட்டுவது கதவு உணரியைத்தான். ஆனால் ஓட்டுக் கூரை வீடுகளுக்கு அது மட்டும் போதாது, ஏனெனில் நம் பகுதிக் கள்ளருக்குக் கதவு கட்டாயமில்லை. நாலு ஓட்டைப் பிரித்தால் உள்ளே இறங்கிவிடலாம். கதவும் யன்னலும் மூடியபடியே இருக்க, காந்த உணரிகள் அனைத்தும் "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே மேலே பிளேட் (கொங்கிறீற் தட்டு) அடிக்காத ஓட்டு வீட்டில், அலுமாரி உள்ள அறைக்கும் நடு மண்டபத்துக்கும் தலா ஓர் அசைவு உணரி வைப்பது, யன்னல் எல்லாவற்றுக்கும் காந்தம் ஒட்டுவதை விடப் பயன் தரும்.

அசைவு உணரிக்கும் வன்னியில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று வெயில்: உடலின் வெப்பத்துக்கும் சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டையே அது காண்பதால், தகரக் கூரையின் கீழ் அறை 36 பாகை வரை சூடேறும் பகல்களில் அதன் கூர்மை குறைந்துவிடும். மற்றது பல்லி. இருபத்தைந்து கிலோ வரையிலான நாய், பூனைகளை விட்டுவிடும் என்று உறையில் எழுதியிருக்கும் உணரியின் முகக் கண்ணாடியிலேயே பல்லி ஊர்ந்தால், மிக அருகில் இருப்பதால் அது பெரிய உருவமாகப் பதிந்து அலாரம் அடித்துவிடக்கூடும். வெப்பத்தோடு நுண்ணலையையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் ஒத்தால் மட்டுமே தூண்டப்படும் இரட்டை உணரி விலை கூடியது. ஆயினும் இங்கே கூடுதல் பணம் செலவழிக்கத் தக்க பொருள் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வயர் நுழையும் துளைகளை மெழுகாலோ சிலிக்கனாலோ அடைத்துவிடுவதும் அவசியம், இல்லையேல் எறும்பும் குளவியும் உள்ளே குடியேறும்.

இனிக் கம்பியா, கம்பியில்லாததா என்ற கேள்வி. கம்பித் தொகுதியின் பலம் அதன் எளிமை: உணரிகளுக்குத் தனித்தனிப் பற்றரி தேவையில்லை, பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர் மணிப் பற்றரி ஒன்றே அனைத்துக்கும் போதும். தொகுதி முழுவதும் 200 மில்லியம்பியர் எடுத்தால், கணக்குப்படி அது 35 மணி நேரம் தாங்கும். இரண்டு மூன்று வருடம் பழகிய பற்றரியென்றால் பாதி என்று கொள்வதே பாதுகாப்பு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டதையும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதற்கு நாடே இருண்டதையும் அனுபவித்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். கம்பி வலையத்தின் கடைசியில் ஒரு மின்தடையை (ரெசிஸ்டர் என்னும் சிறு பாகத்தை) சரியாகப் பொருத்தியிருந்தால், கள்ளர் வயரை வெட்டினாலும் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினாலும் பெட்டி உணர்ந்துகொள்ளும். வேலையைக் குறைப்பதற்காக அந்த மின்தடையை உணரியின் பக்கம் வைக்காமல் பெட்டிக்குள்ளேயே பொருத்திவிடும் எலக்ரீசியன்களும் உண்டு; அப்படிச் செய்தால் அந்தப் பாதுகாப்பு வெறும் பெயரளவில்தான்.

அதன் பலவீனமும் கம்பியேதான். மீள்குடியேற்றத்தின் பின் கட்டிய வீடுகளில் சுவருக்குள் குழாய் விடாததால் வயர் வெளியே, அல்லது கூரைக்குள்ளால் ஓட வேண்டும். கூரைக்குள் எலியும் அணிலும் இருக்கின்றன. குசினியோ மோட்டார் கொட்டிலோ வீட்டிலிருந்து விலகி இருந்தால், அதுவரை இழுத்த நீண்ட வயர், சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் இடிமின்னல் காலத்தில் மின்னழுத்தப் பாய்ச்சலைப் பெட்டிவரை கொண்டுவந்துவிடும். அருகில் விழுந்த ஒரு மின்னலுக்கே தொகுதியின் அனைத்து உள்ளீடுகளும் கருகிப் போகலாம்.

கம்பியில்லாத் தொகுதியில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வோர் உணரியும் தன் சொந்தப் பற்றரியில் இயங்கி வானொலி அலையால் பேசுகிறது. மோட்டார் கொட்டிலுக்கும் ஓர் உணரியை ஒட்டிவிடலாம். கிணற்றடி மோட்டார் களவு போவது தோட்டக்காரருக்கு நகை களவு போவதற்கு ஈடான இழப்பு என்பதால் இது சிறு விடயமன்று. ஆனால் மலிவான 433 மெகாஹேர்ட்ஸ் தொகுதிகள் பலவற்றில் உணரி உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி விசாரிப்பதே இல்லை: பற்றரி செத்தாலும், உணரியைக் கழற்றி எடுத்தாலும் பெட்டி அமைதியாகவே இருக்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை உணரி சேர்க்கலாம்?" என்பதன்று, "உணரி ஒன்று பேசாமல் போனால் பெட்டி எனக்குச் சொல்லுமா?" என்பதே. அதற்கு ஆம் என்று விடை தரும் தொகுதி, குறிப்பாக ஒவ்வொரு முறையும் குறியீட்டை மாற்றி அனுப்பும் வகை, வன்னி வீட்டுக்குக் கம்பித் தொகுதியை விடப் பொருத்தமானது என்பது என் முடிவு. இல்லை என்றால் கம்பியே மேல்.

கமெராவை அலாரத்தின் இடத்தில் வைப்பதை நான் ஏற்பதில்லை. அது வைபை றவுட்டரில் தொங்குகிறது. றவுட்டர் மின்சாரத்தில் தொங்குகிறது. சூரியத் தகடும் 4ஜி சிம்மும் உள்ள கமெரா அந்தக் கட்டிலிருந்து தப்பினாலும், கார்த்திகை மார்கழி மழையில் தொடர்ந்து வெயில் இல்லாத நாட்களில் அது உறங்கிவிடும். அதற்கும் மேலாக, கமெரா பார்க்கிறது, கத்துவதில்லை. கத்தும் சிறு ஒலிபெருக்கி உள்ளவையும் அயல் வளவுவரை கேட்கப் போவதில்லை. நாயும் மாடும் காற்றில் ஆடும் வாழையிலையும் அனுப்பும் அறிவிப்புகளால் சலித்து, சில கிழமைகளில் தொலைபேசியில் அதன் ஒலியையே நிறுத்திவிடுவோர் பலர். அதற்கென ஒரு தனிச் சிறப்பு உண்டு, அதை மறுப்பதற்கில்லை: இங்கே இரவு இரண்டு மணி என்றால் ரொறன்ரோவில் முந்தைய நாள் பிற்பகல், லண்டனில் இரவு ஒன்பது மணியளவு. அலாரம் அடித்தபின் அது பல்லியா கள்ளரா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல, விழித்திருக்கும் மகனோ மகளோ இருக்கிறார். அந்த வேலைக்கு, அதாவது அலாரத்தை உறுதிப்படுத்தும் இரண்டாவது கண்ணாக, ஒரு கமெரா போதும்.

இயக்கும் முறைக்கு வருவோம். பெரும்பாலான தொகுதிகளில் இரண்டு காவல் நிலைகள் உண்டு. எவரும் வீட்டில் இல்லாதபோது வைக்கும் முழுக் காவலில் எல்லா உணரிகளும் விழித்திருக்கும். இரவு உறங்கும்போது வைக்கும் இல்லக் காவலில் வெளிக் கதவுகள் விழித்திருக்க, வீட்டார் இரவில் நடமாடும் இடங்களின் அசைவு உணரிகள் விலக்கப்படும். கைவிடப்பட்ட அலாரங்களில் பல இந்த வேறுபாட்டைச் சரியாக அமைக்காததால் கைவிடப்பட்டவையே. நள்ளிரவில் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்ததும் சைரன் அலறினால், மறுநாளிலிருந்து அவர் அதைத் தொடமாட்டார். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும் வளவுகளில் பின்கதவுக்கு 30 வினாடித் தாமதம் வைத்து, அதற்குள் கைப்பொத்தானை அழுத்திக் காவலை எடுக்கும் வழக்கத்தைப் பழக்க வேண்டும். இலக்கப் பலகையில் நான்கு இலக்கம் தட்டுவதை விட, திறப்புக் கோர்வையில் தொங்கும் கைப்பொத்தான் முதியவர்களுக்கு எளிது; இந்த ஒன்றிலேயே கம்பியில்லாத் தொகுதி முந்திவிடுகிறது. இலக்கப் பலகை இருந்தால், பெட்டியோடு வரும் 1234 போன்ற ஆரம்பக் குறியீட்டை, பொருத்துபவரின் குறியீட்டையும் சேர்த்து, அன்றே மாற்றிவிட வேண்டும். வீடு பார்ப்பவருக்குத் தனிக் குறியீடு கொடுத்தால் யார் எப்போது காவலை எடுத்தார் என்பது பதிவில் தெரியும்.

மேற்கு நாடுகளில் மாதக் கட்டணத்துக்கு அலாரத்தைக் கேட்டு ஆளனுப்பும் கண்காணிப்பு நிலையத்தின் இடத்தை இங்கே அயலவரே நிரப்புகின்றனர். ஆகவே வெளிச் சைரன் பலமானதாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அது எதற்கான ஒலி என்று அயலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நெடுங்கேணிப் பக்கத்தில் இரவில் திடீரென ஆரவாரம் கேட்டால் முதலில் யானை வந்துவிட்டது என்றுதான் எண்ணுவார்கள். பதுங்குகுழிக் காலத்தைக் கடந்து வந்த முதியவர்கள் உள்ள வீட்டில், பொருத்தும் அன்றே பகலில், அவர்களை அருகில் இருத்தி, சைரனை ஒலிக்க வைத்துக் காட்டுவது நல்லது. சிலருக்கு அலைபோல ஏறி இறங்கும் ஒலியை விட விட்டுவிட்டு வரும் ஒலி தாங்கக்கூடியதாக இருக்கும். தொகுதி அழைக்கும் இலக்கங்களில் முதலாவது வெளிநாட்டு இலக்கமாக இருக்கக்கூடாது. பக்கத்து வளவு, அடுத்து ஊரிலுள்ள உறவினர், அதன்பின் வெளிநாடு என்பதே ஒழுங்கு. 119 க்கு மனிதரே அழைக்கட்டும்.

தீயைப் பொறுத்தவரை போட்டி வேறு இடத்தில் இருக்கிறது. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தைக் கடைகள் எரிந்ததை மறந்தவர் இல்லை. அவசர இலக்கம் 110 உண்டு. ஆனால் முழங்காவில் போன்ற ஊருக்கு நகரிலிருந்து தீயணைப்பு வாகனம் வந்து சேரும் நேரத்தையும் ஒரு கிடுகுக் கொட்டில் எரிந்து முடியும் நேரத்தையும் ஒப்பிட்டால், தீ அலாரத்தின் வேலை பொருளைக் காப்பதன்று, உறங்குபவரை எழுப்பி வெளியேற்றுவதே என்பது புலப்படும். அதற்குச் சிம்மும் வேண்டாம், செயலியும் வேண்டாம். பத்து வருடம் நிலைக்கும் பற்றரியுடன் தனித்து இயங்கும் புகை அலாரம், மூன்று மீற்றர் தொலைவில் 85 டெசிபெல் ஒலியுடன், உறங்கும் அறைக்கு வெளியே ஒன்று இருந்தால் பெரும்பகுதி முடிந்தது. அலாரத் தொகுதியோடு இணைக்கும் புகை உணரியின் பயன் எவரும் இல்லாத வீட்டுக்கே. அப்படி இணைத்தால் அது 24 மணி நேர வலயத்தில் இருக்க வேண்டும். திருட்டுக் காவலை எடுத்ததும் தீக்காவலும் அணைந்துவிடும்படி அமைத்த தொகுதி ஆபத்தானது.

புகை அலாரங்களில் இரண்டு வகை. அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட அயனாக்க வகை கொழுந்துவிட்டெரியும் தீயை விரைவில் காணும். புகையில் ஒளி சிதறுவதைக் கண்டு தூண்டப்படும் ஒளி வகை, மெத்தை, பருத்தி போன்றவை கனன்று புகைவதை முந்திக் காணும். நுளம்புச் சுருளிலிருந்து பாயில் பற்றும் பொறியும் வயர் இணைப்பில் புகையும் பிளாத்திக்கும் இரண்டாம் இனத்தவை. அத்துடன் சமையலால் வரும் பொய் அலாரமும் ஒளி வகையில் குறைவு. ஆதலால் ஒளி வகையே வாங்கத் தக்கது. விறகடுப்புக் குசினிக்கும், வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடும் சாமி அறைக்கும் அருகில் அதை வைக்கவே கூடாது. குசினிக்கு வெப்ப உணரி. அங்கும் கூரையைப் பார்த்தே தெரிவு: ஓட்டின் கீழ் 57 பாகையில் தூண்டப்படும் சாதாரண வகை போதும்; வெறுந் தகரத்தின் கீழ் 70 பாகைக்கு மேல் தூண்டப்படும் வகையே பொய்யுரைக்காது. சாதாரணப் புகை அலாரங்களுக்கும் உற்பத்தியாளர் சொல்லும் மேல் எல்லை ஏறத்தாழ 38 பாகைதான். எனவே தகரத்தோடு ஒட்ட வைக்காமல், உட்சுவரில் சற்றுக் கீழே பொருத்துவது உகந்தது. பகல் வெயிலில் கூரையடியில் தேங்கும் சூடான காற்றுப் படையும் புகையை மேலே ஏறவிடாமல் தடுக்கும்.

2021 இறுதியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகளுக்குப் பின் எரிவாயு உணரியும் பலர் வாங்கினர். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. உணரி தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். கூரைப் பக்கம் மாட்டியது வெறும் அலங்காரம்.

பராமரிப்பில் புகை அலாரம் கேட்பது மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தான், சோழகம் புழுதி கிளப்பும் மாதங்களில் மென் தூரிகையால் ஒரு துடைப்பு, டெங்குக்குப் புகையடிக்க வரும் நாளில் ஒரு மூடி; அந்த மூடியை அன்று மாலையே கழற்றுவதை எழுதிவைத்துக்கொள்வது நல்லது. கம்பியில்லாத் தொகுதி கேட்பது அதைவிடச் சற்றுக் கூட: உணரிப் பற்றரிகள், மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து பார்க்கும் நடைச் சோதனை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிம். முற்கொடுப்பனவுச் சிம்மில் காசு தீர்ந்ததை அல்லது காலம் முடிந்ததை அலாரப் பெட்டி பெரும்பாலும் சொல்லாது. வெளிநாட்டிலிருப்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, மாதத் தொடக்கத்தில் அந்த இலக்கத்துக்கு ரீலோட் போட்டு, அதைத் தன் தொலைபேசிக்கு ஒருமுறை அழைக்க வைத்துப் பார்ப்பதே. 2ஜி மட்டும் தெரிந்த பெட்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். உலகெங்கும் அந்த வலையமைப்புகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன; 4ஜி உள்ளதா என்பதைக் கடையிலேயே, உங்கள் வளவில் நன்றாக எடுக்கும் நிறுவனத்தின் சிம்மைப் போட்டு, அழைப்பு வருகிறதா என்று பார்த்த பின்னரே காசைக் கொடுக்கலாம்.