ஷார்ட் சர்க்யூட்: பென்னை மறுபடி பார்த்தபோது

ஜான் பாதம் இயக்கி 1986-இல் வந்த ‘ஷார்ட் சர்க்யூட்’ சின்ன வயதில் எனக்கு உயிரான படம். இந்த வாரம் அக்கா மகனோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். ராணுவத்துக்காகச் செய்த ஐந்தாம் எண் ரோபோ, மின்னல் தாக்கியதில் விழித்துக்கொண்டு தப்பிப் போய், ஸ்டெஃபனி என்ற பெண்ணின் வீட்டில் தஞ்சம் புகும் கதை. சிட் மீட் வடிவமைத்த அந்த ரோபோ இன்றைக்கும் கொஞ்சமும் பழசாகத் தெரியவில்லை. கண்களுக்கு மேலுள்ள தகடுகள் லேசாக ஏறி இறங்கினாலே அது பயப்படுகிறதா, ஆசைப்படுகிறதா என்று புரிந்துவிடுகிறது.

துள்ளி விளையாடும்போது அது ஒரு வெட்டுக்கிளியை நசுக்கிவிடும். திரும்பப் பூட்டித் தரச் சொல்லி ஸ்டெஃபனியைக் கேட்கும். முடியாது, செத்துவிட்டது என்பாள். தன்னைப் பிரித்துப் போட்டாலும் அதே கதிதான் என்று அதற்கு உறைக்கும் அந்த இடத்தில் பையன் வாயே திறக்கவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது.

ஒரு இயந்திரத்தை இவ்வளவு மரியாதையோடு பார்த்த படத்தில்தான் பென் இருக்கிறான். ரோபோவை உருவாக்கியவரோடு வேலை செய்யும் இந்திய வம்சாவளி இன்ஜினியர். நடித்தவர் ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளை அமெரிக்கர். முகத்துக்குக் கருமை பூசி, முடிக்குச் சாயம் போட்டு, பழுப்பு நிற கான்டாக்ட் லென்ஸ் வைத்து நடித்தார். முதலில் பென்னையும் வெள்ளைக்காரனாகத்தான் எழுதியிருந்தார்கள். பிறகுதான் இந்தியனாக மாற்றினார்கள். ஆனால் கடைசியில் நடித்தது ஸ்டீவன்ஸ்தான்.

அந்த வயதில் நான் அவரை இந்தியர் என்றே நம்பினேன். தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறிய பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நடிகர் அசீஸ் அன்சாரியும் அப்படியே நம்பியிருந்தார். பின்னாளில் உண்மை தெரிந்து, ஸ்டீவன்ஸையே தேடிப் பேசி, 2015-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஸ்டீவன்ஸ் உச்சரிப்புக்குப் பயிற்சியாளர் வைத்து உழைத்தவர்தான். அவர் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய முகம், வேறொருவருக்கு இயல்பாகவே இருந்த முகம். அந்த ஆளை அவர்கள் கூப்பிடவே இல்லை.

இதில் எனக்கு ரொம்ப வலிப்பது படத்தின் நல்ல நகைச்சுவை ஒன்றுதான். எந்த ஊர் என்று கேட்டால் பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற அமெரிக்க ஊரைச் சொல்வான் பென். முன்னோர்கள் எந்த ஊர் என்றால் இன்னொரு அமெரிக்க ஊரான பிட்ஸ்பர்க் என்பான். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த இந்தியரிடம் அலுக்காமல் கேட்கப்படும் கேள்வி அது. நிஜ இந்திய வம்சாவளி ஒருவர் அந்த ஊர்ப் பேச்சிலேயே அதைச் சொல்லியிருந்தால், கேட்டவர்தான் கூசியிருப்பார். இங்கே பூசிய முகமும் வரவழைத்துக்கொண்ட உச்சரிப்பும் சொல்வதால், சிரிப்பு பென் மேலேயே விழுகிறது.

1988-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பென்தான் நாயகன், காதலும் உண்டு. ஆனால் பேக்கர்ஸ்ஃபீல்டில் பிறந்தவன் அதில் அமெரிக்கக் குடியுரிமைக்குப் படிக்கிறான்! ஜபிட்டூயா என்றிருந்த குடும்பப் பெயர் ஜார்வி ஆகிவிடுகிறது. இரண்டுமே எந்த இந்தியக் குடும்பத்திலும் நான் கேள்விப்படாத பெயர்கள். அவன் பிறந்த ஊரைக்கூட யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ரோபோவை ஏமாற்றிக் கார் ஸ்டீரியோ திருட வைக்கும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர் கும்பலும் அதில் வெறும் அச்சு வார்ப்புதான்.

ஸ்டெஃபனி பரவாயில்லை. தனி ஆளாக உணவு வண்டி நடத்துகிறாள், ரோபோவை முதலில் நம்புகிறவளும் அவள்தான். ஆலி ஷீடி நன்றாகச் செய்திருக்கிறார்.

குழந்தைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம். பென் முதலில் வரும்போதே படத்தை நிறுத்தி, இவர் இந்தியர் இல்லை, மை பூசியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். நான் படம் முடிந்த பிறகுதான் சொன்னேன். பையன் பென் வந்த காட்சிகளை மறுபடி போடச் சொன்னான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.