பொன்னிற முடியும் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரும்: இரண்டு வருட அனுபவம்

முடியின் கீழ்ப்பாதிக்கு ப்ளீச் போட்டுப் பொன்னிறமாக்கி இரண்டு வருடம் ஆகிறது. நிறம் வர ஒரு பகல் போதும், அதை மங்காமல் காப்பதுதான் பாடு. நான் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டை. வீட்டில் போர் தண்ணீர், வெளியே வந்தால் உப்புக்காற்று, வெயில்.

முதல் மாதம் கோதுமை நிறத்தில் இருந்தது. மூன்றாம் மாதம் புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பு மாதிரி ஆகிவிட்டது. பார்லரில் மறுபடி டோனர், அதாவது மஞ்சளை அடக்கும் மேல்சாயம், போடச் சொன்னார்கள். அந்தக் காசில் வீட்டுக்குப் பாதி மாத மளிகை வந்துவிடும். சரி, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஊதா ஷாம்பு வாங்கினேன்.

ப்ளீச் கறுப்பை எடுத்தபின் அடியில் மிஞ்சுவது ஆரஞ்சும் மஞ்சளும். மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா. அது மெல்லிசாகப் படிந்தால் மஞ்சள் அடங்கித் தெரியும். ஆரஞ்சு தூக்கலாக இருந்தால் நீல ஷாம்புதான் கேட்கும். இரண்டும் முடியை வெளுக்காது, மேலே படிகிற சாயம், அவ்வளவுதான். இது தெரியாமல் முதல் தடவை இருபது நிமிடம் ஊறவிட்டேன். ப்ளீச் பட்ட முடி சாயத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். நுனியெல்லாம் கத்தரிப்பூ நிறம்! "என்னம்மா, முடிக்கு நீலம் போட்டு அலசினியா?" என்று அத்தை பதறிப்போனார். அந்த நிறம் போக நாலைந்து தலைக்குளியல் ஆனது. இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவை, சாதா ஷாம்புவோடு பாதிக்குப் பாதி கலந்து, மூன்றே நிமிடம். ஒரு பாட்டில் ஏழு மாதம் வந்தது.

ஆனாலும் பளபளப்பு திரும்பவில்லை. காரணம் பிடிபட்டது போன ஐப்பசியில். மோட்டார் பழுதாகி, மொட்டைமாடிக் குழாயில் வந்த மழைத்தண்ணீரை ட்ரம்மில் பிடித்து ஒரு வாரம் தலை அலசினேன். ஷாம்பு அப்படி நுரைத்தது. காய்ந்த முடியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் பழைய கோதுமை நிறம். அப்புறம்தான் குளியலறைப் பக்கெட்டைக் கவனித்தேன். உள்ளே சுற்றிலும் வெள்ளைப் படிவு, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. வினிகர் ஊற்றியதும் பொரிந்து கரைந்தது. இதே சுண்ணாம்புதானே தினமும் தலையிலும் படிகிறது!

அன்றிலிருந்து ஷாம்பு, கண்டிஷனர் எல்லாம் முடிந்தபின் கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். வாரம் ஒரு தடவை போதும், உச்சந்தலையில் புண் இருந்தால் வேண்டாம். வாடை முடி காய்ந்ததும் போய்விடும். எனக்கு ஷாம்புவைவிட இதுதான் அதிகம் கைகொடுத்தது.

எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் உட்காராதீர்கள். நிறம் கொஞ்சம் வெளுத்தது உண்மைதான், ஆனால் முடி தேங்காய் நாராகிவிட்டது, இரண்டு அங்குலம் வெட்ட வேண்டியதாயிற்று. கெமோமில் (சீமைச் சாமந்திப் பூ) டீ தங்கச் சாயல் தரும், அது பிடித்தவர்களுக்குச் சரி. சீயக்காய் பழுப்பேற்றும். மஞ்சள் பூசிக் குளிக்கும் நாளில் முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு சொட்டுப் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

அம்மா சொன்ன தேங்காய் எண்ணெயை மட்டும் விடவில்லை. அது முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். குளிப்பதற்கு முந்தைய இரவு நுனிக்கு மட்டும் தடவுகிறேன். கடற்கரைக்கோ ஸ்கூட்டரிலோ போனால் தலையைச் சுற்றிப் பருத்தி துப்பட்டா.

இந்த ஐப்பசிக்கு இரண்டாவது ட்ரம் வாங்கிவிட்டேன். முதல் மழை மாடியைக் கழுவிக்கொண்டு போகட்டும், அடுத்த மழையிலிருந்து பிடிக்க வேண்டும்.