போட்டோ வெப்சைட் செய்யக் கொடுக்கிறவர்கள் பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

சிங்கப்பூரில் கல்யாணம், அரங்கேற்றம், தைப்பூசம் என்று படம் எடுத்துக்கொண்டு, அதையெல்லாம் போட ஒரு வெப்சைட் செய்யலாம் என்று இருக்கிற நண்பர்களுக்காக எழுதுகிறேன். நான் கொடுத்தது 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கம்பெனி பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் நடக்கிறது.

முதல் பேச்சிலேயே நான் அழுத்திக் கேட்டது ஒன்றுதான். பார்க்கிறவர் கையில் போன் இருந்தாலும் சரி, மேசையில் பெரிய மானிட்டர் இருந்தாலும் சரி, படம் அந்தத் திரைக்கு ஏற்ற அளவில் போய்ச் சேர வேண்டும். "அதெல்லாம் தானா ஃபிட் ஆகிடும்ண்ணே, அதுக்குன்னே ஒரு மாட்யூல் இருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. அந்த மாட்யூலுக்கு, அதாவது சைட்டில் சேர்க்கும் ஒரு தனி நிரல் துண்டுக்கு, மட்டும் கொட்டேஷனில் தனியாக 450 வெள்ளி. அவர்கள் ஆபீஸ் வைஃபையில் திறந்து காட்டும்போது எல்லாம் பளிச்சென்று வந்தது, பணத்தையும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் கூடவே நடந்து எடுத்த படங்களை ஏற்றி, காவடி எடுத்தவரின் குடும்பத்துக்கு லிங்க் அனுப்பினேன். அவருடைய அம்மாவான அக்கா எம்ஆர்டி ரயிலில் போகும்போது திறந்திருக்கிறார். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பாதியில் அப்படியே நின்றுவிட்டதாம். வந்த படத்திலும் நாக்கில் குத்திய வேல் தெரிகிறது, காவடியின் உச்சியில் இருந்த மயில்தோகை மொத்தமும் வெட்டுப்பட்டிருக்கிறது! நெட்டுவாக்கில் எடுத்த படங்களையெல்லாம் அகலப் பெட்டிக்குள் அடைத்து மேலும் கீழும் வெட்டியிருந்தார்கள். தன் பிள்ளை எடுத்த காவடியை அந்தத் தாய் பார்க்க வேண்டிய விதமா அது?

அப்புறம் புரோகிராமிங் தெரிந்த என் மாமா மகன் உட்கார்ந்து பார்த்துச் சொன்னான். திரையில் காட்டுகிற அளவு 390க்கு 260 புள்ளி, ஆனால் உள்ளே இறங்குகிற ஃபைல் 6000க்கு 4000 பிக்சல், என் கேமராவின் 24 மெகாபிக்சல் படம் அப்படியே, ஒவ்வொன்றும் 12 எம்பி பக்கம். பக்கத்தின் தோற்றத்தை மட்டும் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் ஒரு வரி எழுதிப் பார்வைக்குச் சுருக்கியதைத்தான் இவர்கள் மாட்யூல் என்று விற்றிருக்கிறார்கள்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். சைட், வெப்சைட் செய்வதற்கான இலவச மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செய்தது. 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸ், ஏற்றுகிற படத்துக்குப் பல அளவில் எடுத்துவைக்கும் பிரதிகளை எஸ்ஆர்சிசெட் என்ற பட்டியலில் தானே சேர்த்துவிடுகிறது, பிரவுசர் தன் திரைக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 390 புள்ளி அகலமுள்ள போன் ஒரு புள்ளிக்கு மூன்று பிக்சல் காட்டுவதாக இருந்தால் 1,170 பிக்சல் போதும், சில நூறு கேபியில் முடிந்துவிடும். இதற்குக் காசே கிடையாது. இவர்கள் படங்களை வேர்ட்பிரஸ்ஸில் படம் ஏற்றுவதற்கென்றே இருக்கிற மீடியா லைப்ரரி வழியாக ஏற்றாமல் நேராக சர்வர் ஃபோல்டரில் கொட்டியதால் அந்த வேலை நடக்கவே இல்லை.

புகார் சொன்னதும் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாப் படத்தையும் ஒரே 800 பிக்சலுக்கு இறக்கிவிட்டார்கள். போனில் சீக்கிரம் வருகிறது, ஆனால் மானிட்டரில் இழுத்துப் பிடித்ததுபோல மங்கல். அதோடு நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று ஃபைலோடு வரும் குறிப்பான கலர் புரொஃபைலையும் கழற்றிவிட்டதால், நான் அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற வகையில் கொடுத்த பட்டுச் சிவப்பு சோகை பிடித்து நிற்கிறது. அதன் பிறகு வாட்ஸ்அப்பில் பதிலே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பணத்தை முடிக்கும் முன், வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் குரோமில் திறந்து, படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' போய், ஃபைல் முகவரியின் மேல் மவுஸை வைத்தால், காட்டுகிற அளவு, உண்மையான அளவு இரண்டும் வரும். ஜன்னலைச் சுருக்கி ரீலோட் செய்தும் பாருங்கள். இரண்டு அளவும் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "திரைக்கு ஃபிட் ஆகும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதவிடாமல், எத்தனை அளவில் பிரதி எடுப்பார்கள், வெட்டுவார்களா மாட்டார்களா, கலர் புரொஃபைல் நிற்குமா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்க முடியாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும். நானும் கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு, அந்த இரண்டு அளவும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து அங்கேதான் மனு போடப்போகிறேன். இதே மாதிரி 'மாட்யூல்' என்று உங்களிடமும் யாராவது வாங்கியிருந்தால் கொட்டேஷனை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.