பிரிஜித் சிலுவை: சட்டத்துக்குள் வந்ததும் நான் பின்னியதும்

டப்ளினில் இருக்கும் மச்சாள் மார்கழியில் ஊருக்கு வந்தபோது அங்குள்ள ஒரு கைப்பணிக் கடையில் வாங்கிய இரண்டு சாமான்களைக் கொண்டுவந்தாள். ஒன்று, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த புனித பிரிஜித் சிலுவை; அயர்லாந்துப் புனிதை பிரிஜித்தின் பெயரால் கோரையில் பின்னுவது. மற்றது, அதை நாங்களே பின்னிப் பார்ப்பதற்கான கோரைக்கட்டு. "நீங்கள் ஓலை இழைக்கிற ஆள், பார்த்துச் சொல்லுங்கோ மச்சாள்" என்றாள். முழங்காவிலில் இருபது வருடமாகக் கடகமும் நீத்துப்பெட்டியும் இழைக்கிறேன். அந்தக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சட்டத்துக்குள் இருந்தது பார்வைக்கு வடிவு. நான்கு கையும் ஒரே அளவு. கண்ணாடியைக் கழற்றி நடுவில் நகத்தால் தட்டினேன், பசை. மேலே வார்னிஷும் பூசியிருந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது வருடக்கணக்காகச் சுவரில் தொங்க வேண்டிய பொருளே அல்ல. பெப்ரவரி 1 பிரிஜித் திருநாள். முதல் நாள் மாலை கோரையை வெட்டாமல் கையால் பிடுங்கி வந்து, வீட்டிலேயே பின்னி, வாசலுக்கு மேலோ கூரை வளையிலோ செருகுவது அயர்லாந்து வழக்கம். வீடு தீயில் போகாமல் காக்கும் என்பது நம்பிக்கை. அடுத்த வருடம் புதிதாக ஒன்று.

இது எனக்கு நன்றாகவே விளங்கியது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குப்பி விளக்குச் சரிந்து எங்கள் குசினிக் கிடுகு பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறும் கோயிலில் தரும் ஓலையைச் சிலுவையாக மடித்து, அடுப்புக்கு நேர் மேலே வளையில் செருகுவார். 2010 இல் திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்தபோதும் செருகினார்.

சரி, கோரைக்கட்டு. 36 கோரை. பயணத்தில் நன்றாகக் காய்ந்துவிட்டன. மடித்த முதல் ஏழும் முறிந்தன. உள்ளே வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு சோறு. முன்பு அயர்லாந்தில் அதைக் கொழுப்பில் தோய்த்து விளக்காக எரித்தார்களாம். தண்ணீரில் ஊறவைக்கும்படி கட்டோடு வந்த வழிகாட்டித் தாளில் போட்டிருந்தது. நான் ஓலைக்குச் செய்வதுபோல ஈரச்சாக்கில் சுற்றி, இரவு முற்றத்துப் பனியில் வைத்தேன். மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, திருநாளுக்கு முதல் இரவு அங்கேயும் ஒரு துணியை வெளியே பனியில் போட்டு வைப்பார்கள் என்றாள். பிரிஜித் அந்த வழியாகப் போகும்போது அதைத் தொட்டு ஆசீர்வதிப்பாராம். பிறகு தலையிடி வந்தால் அந்தத் துணியைத்தான் தலையில் கட்டுவார்களாம்.

காலையில் கோரை சொன்னபடி கேட்டது. ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவதை நடுவில் மடித்து அதில் கொழுவி, முழுவதையும் கால்வட்டம் திருப்பி அடுத்ததைக் கொழுவ வேண்டும். இறுக்கம் எல்லாம் இடது பெருவிரலில். விட்டால் நடுச்சதுரம் வாய் பிளக்கும். வழிகாட்டித் தாளில் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை, அது குறைதான். நுனி கட்டத் தந்த றப்பர் வளையங்களை ஒதுக்கிவிட்டு, குருத்தோலையில் நார் கிழித்துக் கட்டினேன். 20 கோரையில் சிலுவை முடிந்தது.

சாகக் கிடந்த ஒரு தலைவனின் பக்கத்தில் இருந்தபோது, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்துப் பிரிஜித் பின்னிய சிலுவைதான் இது என்பது கதை. அவர் அயர்லாந்தின் கில்டெயாரில் மடம் அமைத்தவர். அங்கே அணையாமல் எரிந்த தீயைப் பத்தொன்பது கன்னியர் முறைவைத்துக் காத்தார்கள், இருபதாம் இரவு பிரிஜித்தே காத்தார் என்று 12ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1993 இல் அந்தத் தீயை மறுபடி ஏற்றினார்கள். 2023 முதல் பிரிஜித் பெயரில் அயர்லாந்தில் அரச விடுமுறையும் உண்டு.

பசுவுக்கும் பாலுக்கும் அவர்தான் காவல். மாட்டுக் கொட்டிலுக்கு மூன்று கைச் சிலுவை கட்டுவதும் உண்டு என்று மச்சாள் சொன்னாள். மிஞ்சியது ஒன்பது கோரை, கைக்கு மூன்று. பட்டிப்பொங்கலுக்குக் கட்டிய மாவிலை காய்ந்து தொங்கிய அதே வளையில் அதைச் செருகினேன்.

சட்டம் போட்டதை வாங்காதீர்கள். கோரைக்கட்டு வாங்கலாம். அடுத்த முறை இரண்டு கட்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.