கல்யாணம் ஆகாமலே கல்யாணம் ஆனவரா நீங்கள்? ஒரு மணி நேர வக்கீல் ஆலோசனை, ஐந்துக்கு நாலு

நானும் என் துணையும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஆறு வருஷமாகச் சேர்ந்து இருக்கிறோம். முதல் மூன்று வருஷம் கலிபோர்னியா, அப்புறம் டெக்சஸ். கலிபோர்னியாவில் என் பெயரில் ஒரு சின்ன வீடு, வாடகைக்கு விட்டிருக்கிறேன். உயில் எழுத உட்கார்ந்தபோதுதான் சட்டத்தின் கண்ணில் நாங்கள் யாருக்கு யார் என்ற கேள்வியே வந்தது.

முதலில் இணையத்தில் விற்கும் ரெடிமேட் ஒப்பந்தப் படிவம் ஒன்றை வாங்கினேன். தண்டம். மாநிலத்தை மாற்றிப் பார்த்தால் தலைப்பில் பெயர் மட்டும் மாறுகிறது, உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை. அதற்குப் பிறகுதான் குடும்பச் சட்ட வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் வாங்கினேன்.

போனதும் ‘ஏழு வருஷம் சேர்ந்திருந்தால் தானாகவே கல்யாணம் ஆகிவிடுமாமே’ என்று கேட்டேன். எந்த மாநிலத்திலும் அப்படி ஒரு ஏழு வருஷக் கணக்கு இல்லை என்றார். சடங்கும் லைசென்ஸும் இல்லாமலே தம்பதி என்று சட்டம் ஏற்பதை ‘காமன் லா மேரேஜ்’ என்பார்கள். அதற்கு டெக்சஸில் பார்ப்பது மூன்று விஷயம்: இனி நாம் தம்பதி என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அதன்பின் டெக்சஸிலேயே தம்பதியாகச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், ஊராரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் செல்லாது. எங்கள் கலிபோர்னியா வருஷங்கள் பூஜ்யம். அங்கே இந்த முறையை 1895-லேயே எடுத்துவிட்டார்கள். (பென்சில்வேனியா நண்பர்களே, உங்கள் ஊரில் 2005 ஜனவரி 1-க்குப் பிறகு இப்படி ஆரம்பித்தது எதுவும் செல்லாது.)

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார், கொடுத்த காசு அதற்கே சரியாகப் போயிற்று. ஆபீஸ் இன்ஷூரன்ஸில் துணையை என்னவென்று போட்டிருக்கிறீர்கள்? ‘ஸ்பவுஸ்’, அதாவது கணவன்/மனைவி என்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யோசிக்காமல் தட்டிவிட்டது. அது மட்டுமே கல்யாணம் ஆகிவிடாது, ஆனால் நாளை வழக்கு என்று வந்தால் முதலில் எடுத்து நீட்டப்படும் காகிதம் அதுதான்.

வீட்டைப் பற்றியும் நன்றாகவே விளக்கினார். டெக்சஸுக்கு வருவதற்கு முன்னாடியே வாங்கியது, அதனால் எப்படிப் பார்த்தாலும் என் தனிச்சொத்து. வாடகைதான் வில்லங்கம். டெக்சஸில் தம்பதி என்று ஆகிவிட்டால், தனிச்சொத்திலிருந்து அந்தத் தேதிக்குப் பின் வரும் வருமானம் இருவருக்கும் பொது. கலிபோர்னியா சட்டத்தில் அதுவும் தனிதான். ஒரே வீடு, ஒரே வாடகை, எந்த ஊர்ச் சட்டம் என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடும்! பொதுச்சொத்தையும் டெக்சஸ் கோர்ட் சரிபாதியாகத்தான் பிரிக்க வேண்டும் என்றில்லை, நியாயம் என்று படுகிற விகிதத்தில் பிரிக்கலாம்.

உள்ளே போவதற்குச் சடங்கு வேண்டாம், வெளியே வர விவாகரத்து வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. பிரிந்து இரண்டு வருஷத்துக்குள் யாரும் வழக்குப் போடாவிட்டால், தம்பதியாக இருக்கும் ஒப்பந்தமே இருக்கவில்லை என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும், எதிர்ச்சான்று காட்டினால் ஒழிய. சந்தேகமே வேண்டாம் என்பவர்கள் கவுண்டி கிளார்க்கிடம் (நம் ஊர்ப் பதிவாளர் மாதிரி) போய் இருவரும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுப் பதிந்துவிடலாம்.

ஒரு மார்க் ஏன் குறைத்தேன் என்றால், பிறகு இரண்டு வரி மின்னஞ்சலில் ஒரு சந்தேகம் கேட்டதற்குக் கால் மணி நேரக் கட்டணம் போட்டுவிட்டார்கள், அப்படிப் போடுவோம் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகிறவர்கள் வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் படிவம், வரித் தாக்கல் நகல் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். நான் எதையும் எடுத்துப் போகாமல், போனில் தேடியே பத்து நிமிஷத்தைக் கோட்டைவிட்டேன்.