ஒரே டிக்கெட் என்று சொல்லி இரண்டு டிக்கெட்டை விற்றார்கள், லண்டன் கனடா போகிறவர்கள் கவனம்

திருகோணமலையில் டிக்கெட் போட்டு லண்டன், கனடா, ஐரோப்பா பக்கம் போக இருக்கிறவர்கள் காசைக் கட்டுவதற்கு முதல் இதைக் கொஞ்சம் வாசித்துவிடுங்கள். முக்கியமாக, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு நடுவில் துபாய் மாதிரிப் பெரிய எயார்போர்ட்டில் விமானம் மாறிப் போகிறவர்கள். ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும் வரைக்கும் பெயர் போடாதே என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொல்லிவிட்டார். அதைவிட, இதே வேலையை வேறு ஆட்களும் செய்கிறார்கள் என்று இப்போது கதை கதையாக வருகிறது, ஒரு பெயரைச் சொல்லி மற்றவர்களை நல்லவர்களாக்க எனக்கு விருப்பம் இல்லை.

அக்காவுக்கு லண்டனில் பிள்ளைப்பேறு, அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வீட்டுக்குள் நடப்பார், நீளமாக நடக்க ஏலாது, அதனால் வீல்செயார் வேண்டும் என்று ஏஜென்சிக்காரரிடம் ஆரம்பத்திலேயே சொன்னேன். அவர் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு மற்ற இடங்களைவிட நன்றாகக் குறைந்த விலை ஒன்றைச் சொன்னார். கொழும்பில் இருந்து துபாய், துபாயில் இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி, பிறகு லண்டன். "அம்மா வீல்செயாரில வாறா, அந்த நேரம் காணுமா அண்ணன்?" என்று கேட்டேன். "தாராளம் தம்பி. ஒரே டிக்கெட்தான், பிந்தினாலும் அவங்களே அடுத்த பிளைட்டில ஏத்தி விடுவாங்க. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றார். மொத்தப் பொய்யும் இந்த ஒரு பேச்சுக்குள்தான் இருந்தது.

அவர் தந்த தாள் ஏஜென்சியின் சின்னம் போட்டு அழகாகத்தான் இருந்தது. பெயர், திகதி, விமான நேரம் எல்லாம் உண்டு, மேலே ஒரு இலக்கமும் உண்டு. அந்த இலக்கம் விமான நிறுவனத்தின் பி.என்.ஆர். (நிறுவனம் தருகிற முன்பதிவு இலக்கம்) இல்லை, ஏஜென்சியின் சொந்தப் பில் இலக்கம். பி.என்.ஆரைக் கேட்ட போதெல்லாம் "கிட்டடியில அனுப்புறம்" என்ற பதில்தான். கடைசியில் வாட்ஸப்பில் அனுப்பினார்கள், நாங்கள் பெட்டி கட்டி முடித்து வேனுக்குக் காத்திருந்த நேரத்தில்.

கந்தளாய், ஹபரணை தாண்டி இரவோடு இரவாகக் கட்டுநாயக்கா போய்ச் சேர்ந்தோம். கவுண்டரில் இருந்த பிள்ளை பாஸ்போட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு "பேக் துபாய் வரைக்கும்தான் போகும், துபாய் விசா இருக்கா?" என்று கேட்டார். எங்களுக்கு விளங்கவில்லை. விஷயம் இதுதான்: இது ஒரு டிக்கெட்டே இல்லை. ஒரு மலிவு விமான நிறுவனத்தில் துபாய் வரைக்கும் ஒன்று, சம்பந்தமே இல்லாத இன்னொரு நிறுவனத்தில் அங்கே இருந்து லண்டனுக்கு இன்னொன்று. பெட்டி துபாயில் இறங்கிவிடும், அதை எடுத்துத் திரும்பப் போட வேண்டுமென்றால் குடிவரவைத் தாண்டி வெளியே போக வேண்டும், இலங்கைப் பாஸ்போட்டுக்கு அதற்கு விசா வேண்டும். அதோடு அந்தப் பிள்ளை இன்னொன்றும் சொன்னார், கொழும்பில் இருந்து புறப்படும் நேரத்தைச் சில வாரத்துக்கு முன்பே மாற்றி அறிவித்தாயிற்றாம், முக்கால் மணித்தியாலம் பின்னுக்கு. எங்களுக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டதற்குத் திரையைத் திருப்பிக் காட்டினார். தொடர்பு இலக்கம், மின்னஞ்சல் என்று இருந்த இடத்தில் இரண்டுமே ஏஜென்சிக்காரருடையது. அறிவித்தல் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, அவருக்கு.

ஆக இடைவெளி ஒரு மணித்தியாலம் சொச்சம். ஏஜென்சியின் போன் வேலை செய்யவில்லை. மேலதிகாரி ஒருவர் வந்து, இரண்டாவது விமானத்துக்குப் போனிலேயே செக்-இன் செய்து போர்டிங் பாஸைக் காட்டினால் கைப்பையோடு மட்டும் ஏற விடலாம் என்றார், அவர் அவ்வளவு செய்ததே பெரிய காரியம். அம்மாவை ஒரு ஓரத்தில் இருத்திவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சூட்கேஸைத் திறந்தேன். மருந்துப் பையும் பிள்ளையின் உடுப்பும் கைப்பைக்குள் போயிற்று. சரக்குத்தூள், நெத்தலிக் கருவாடு, பனங்கட்டி, அம்மா சுற்றிச் சுற்றி டேப் ஒட்டிய நல்லெண்ணெய்ப் போத்தல் எல்லாம் மச்சானோடு அதே வேனில் திரும்பித் திருகோணமலைக்குப் போயிற்று. அம்மா ஒன்றும் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

துபாய் எயார்போர்ட் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே 3 டெர்மினல். 1ம் 3ம் ஒரு பக்கம், டெர்மினல் 2 ஓடுபாதைகளுக்கு மற்றப் பக்கம். மலிவு விமானங்கள் பல 2இல்தான் வரும், எங்களுடையதும் அங்கேதான் இறங்கியது, லண்டன் விமானமோ டெர்மினல் 1. இரண்டுக்கும் நடுவில் நடக்க வழியே கிடையாது, டிரான்சிட் பஸ் வரும் வரை நின்று அதில்தான் சுற்றிப் போக வேண்டும். போனால் திரும்பவும் பாதுகாப்புச் சோதனை, பெல்ட்டைக் கழற்று, போத்தலை எடு. அதற்குப் பிறகும் டெர்மினல் 1இன் கேட்டுகள் டி என்ற தனிக் கட்டடத்தில் இருக்கின்றன, அதற்கு ஒரு சின்ன ரயில். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்ட்டைத் தேடி அலைகிற மாதிரித்தான். இவ்வளவுக்கும் வீல்செயார்க்காரரை விமானத்தில் முதலில் ஏற்றுவார்கள், ஆனால் இறக்கும்போது எல்லோரும் போன பிறகுதான் இறக்குவார்கள், இது எந்த நிறுவனத்திலும் வழக்கம். அதைவிட, ஏஜென்சிக்காரர் வீல்செயாரை முதல் டிக்கெட்டில் மட்டும் பதிந்திருக்கிறார், இரண்டாவதில் அப்படி ஒன்றே இல்லை. புறப்படுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போதே பல நிறுவனங்கள் கேட்டை மூடிவிடும். நாங்கள் ரயிலால் இறங்கும்போது திரையில் எங்கள் விமானத்துக்கு நேரே மூடியாயிற்று என்று சிவப்பில் விழுந்திருந்தது.

டிரான்ஸ்ஃபர் மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் முதல் விமானம் எங்களுடையது இல்லை, அது எப்போது வந்தது என்பது எங்கள் பொறுப்பு இல்லை, எங்கள் கணக்கில் நீங்கள் விமானத்துக்கு வராத பயணி என்றார். அத்தோடு முடியவில்லை. முதல் பகுதியில் ஏறாதவர்களுக்கு அதே டிக்கெட்டில் இருக்கிற மிச்சப் பகுதியும் தானாக ரத்தாகும், அதாவது லண்டனில் இருந்து திரும்பி வருகிற பயணமும் போயிற்று. அத்தான் லண்டனில் இருந்து கார்ட்டில் புது டிக்கெட் போட்டார், வருவதற்கும் சேர்த்து. ஏஜென்சியில் "மிச்சம் பிடித்த" காசைப் போலப் பல மடங்கு.

பிறகு இந்தத் தொழிலில் இருக்கிற ஒரு நண்பனிடம் கேட்டபோதுதான் சூட்சுமம் விளங்கியது. ஒவ்வொரு எயார்போர்ட்டுக்கும், எந்த டெர்மினலில் இருந்து எதற்கு மாறுகிறோம் என்பதைப் பொறுத்து, குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று முறைமைக்குள் போட்டிருக்கிறது. ஒரே டிக்கெட்டாகப் போடும்போது அதற்குக் குறைவான இடைவெளியைக் கணினி விற்க விடாது. தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டால் அதைக் கேட்க ஆளே இல்லை, பத்து நிமிட இடைவெளி என்றாலும் காசை வாங்கிக்கொண்டு விற்றுவிடும். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றி விடுவது நிறுவனத்தின் வேலை, பெட்டியும் நேரே போய்விடும். அந்தப் பாதுகாப்பைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் எங்களுக்கு மலிவு என்று தந்திருக்கிறார்.

எனவே பணம் கட்டுகிற அன்றே இ-டிக்கெட்டைக் கேளுங்கள், ஏஜென்சித் தாளை அல்ல. அதில் 13 இலக்கத்தில் ஒரு டிக்கெட் நம்பர் இருக்கும். முதல் மூன்றும் நிறுவனத்தின் குறியீடு, ஶ்ரீலங்கன் என்றால் 603, எமிரேட்ஸ் 176, கத்தார் 157. போகிற விமானம் இரண்டுக்கும் அந்த 13 இலக்கமும் ஒன்றாக இருந்தால் ஒரே டிக்கெட். வேறு வேறாக இருந்தால் அந்த இடத்திலேயே எழும்பிவிடுங்கள், ஏஜென்சிக்காரர் சொந்தக்காரர் என்றாலும் சரி. பி.என்.ஆரைக் கொண்டு நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போய்ப் பார்த்து, உங்கள் போன் நம்பரைப் பதியுங்கள், வீல்செயார் ஒவ்வொரு விமானத்துக்கும் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் ஏஜென்சிக்காரர் முகம் சுளித்தால் அதுவே போதுமான பதில்.

அவர் இப்போது என்ன சொல்கிறார் என்றால், விமானம் பிந்தியதற்குத் தான் என்ன செய்வதாம். விமானம் பிந்தவே இல்லை, மாற்றி அறிவித்த நேரத்துக்குச் சரியாக இறங்கியது, அந்த அறிவித்தல் அவருடைய மின்னஞ்சலில் கிடந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன், 1977க்கு அடித்தால் எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். விமான டிக்கெட் விற்கிறவர்களுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் உரிமம் வேண்டும், அங்கேயும் ஒரு பிரதி போயிருக்கிறது. அது போன பிறகுதான் அவருடைய போன் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. நேற்று எடுத்து, அடுத்த முறை டிக்கெட் போடும்போது கழிவு தருகிறேன், முறைப்பாட்டை மட்டும் வாபஸ் வாங்கு தம்பி என்றார். அடுத்த முறை இல்லை, இந்த முறைக் காசைத் தாருங்கள், பிறகு பேசுவோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.