ஆச்சியின் மிதி மெஷின்: அப்படியே வைப்பதா, மோட்டார் மாட்டுவதா, மாற்றுவதா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆச்சி காலத்திலிருந்து ஓடிவரும் தையல் மெஷினை என்ன செய்வது என்ற கேள்வி, அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியபோது எழுந்தது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அதிலேயே மோட்டார் மாட்டலாம், அல்லது கொடுத்துவிட்டுப் புது மின்சார மெஷின் வாங்கலாம்.

புதியதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலைக்கு ஃபால் வைத்து, ஓரம் பிரியாமலிருக்க நெளிதையலான பிக்கோ அடிக்க வேண்டுமானால் ஊசி இடமும் வலமும் அசைய வேண்டும். நேர்த்தையல் மட்டுமே போடும் எங்கள் மெஷினால் அது முடியாது. பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் அவ்வாறே. ஆனால் ஜீன்ஸின் கால் மடிப்பில் பக்கத் தையல் குறுக்கிடும் தடித்த இடத்தில், நாங்கள் கடையில் ஓட்டிப் பார்த்த இலேசான மெஷின் திணறி நின்றது. வார்ப்பிரும்புத் தலை கொண்ட பழையதோ, 16 ஆம் எண் ஊசியைப் போட்டுவிட்டால், சத்தம்கூட மாறாமல் அதன்மேல் ஏறிப்போகிறது. அடிநூல் சுற்றும் பாபின், அதை வைக்கும் பாபின் கேஸ், அடியில் நூலைக் கோக்கும் ஷட்டில் ஆகியவை இந்தக் கறுப்பு மெஷின்களில் கம்பெனி வேறானாலும் பெரும்பாலும் பொருந்திவிடுவதால், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. மெஷினின் மிதிபலகை சேற்றில் மூழ்கிக் கிடந்தது. அம்மா மண்ணெண்ணெயால் துடைத்து, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டு, மின்சாரம் வருவதற்கு முன்பே அதில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார்.

பழையதைக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டபோது, கடைக்காரர் இரும்பு எடைக்குக் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் ஏறாத ஒன்று இருக்கிறது. மிதி தவறிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் நூல் அறுந்துவிடும் என்பதால், "முதல்ல நூலில்லாம மிதிச்சுப் பழகுளா" என்று ஆச்சி அம்மாவுக்குச் சொன்ன அதே சொல்லை அம்மா எனக்கும் சொன்னார். மூன்று தலைமுறைக் கால்கள் ஒரே பலகையில் பழகியிருக்கின்றன. ஐப்பசி மழையில், அதுவும் தீபாவளித் துணி குவியும் நேரத்தில், தோல் பெல்ட் தளரும்போது எவ்வளவு நறுக்கிக் கொக்கி போட வேண்டும் என்பதை அம்மா விரலால் இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். பாசம் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிப்பட்ட பழக்கந்தான் என்று நான் நினைக்கிறேன். மெஷினை மாற்றினால் அந்த அறிவுக்கு வேலை இல்லாமல் போகும்.

ஆகவே என் தேர்வு மோட்டார். தலையின் பின்புறம் ஒரு திருகில் நிற்கும் அதை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். பழைய மெஷினில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஒரு குறையை மட்டும் மறைக்க முடியாது. ரவிக்கைக் கழுத்தின் வளைவில் ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போக வேண்டிய இடத்தில், எங்கள் மோட்டார் சட்டென்று ஓடிவிடுகிறது.

அதற்கு அம்மாவே வழி கண்டுபிடித்துவிட்டார். நீளத் தையல் எல்லாம் மோட்டாரில் முடிகிறது. கழுத்து வந்ததும் மோட்டாரின் ரப்பர் பெல்ட்டைக் கழற்றி வைத்து, தோல் பெல்ட்டைச் சக்கரத்தில் ஏற்றி, வலிக்காத காலால் மெல்ல மிதிக்கிறார்.